முதிய எலிக்கு அறுவை சிகிச்சை: வயதைப் பார்ப்பதா, உடலைப் பார்ப்பதா?

வளர்ப்பு எலியை அடிக்கடி கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் அந்தக் கட்டி விரலில் தட்டுப்படும். முன்னங்காலின் அக்குளிலோ பின்னங்காலின் கவட்டிலோ, தோலுக்கு அடியில் உருண்டையாக, தள்ளினால் நகர்ந்துகொடுக்கும். பெரும்பாலும் பெண் எலி. வயது ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள். எலியோ எதையும் கண்டுகொண்டதாகத் தெரியாது. வழக்கம்போல் தின்னும், கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறும், துணை எலியோடு சுருண்டு தூங்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எலி வளர்க்கும் குடும்பங்கள் கால்நடை மருத்துவர் முன் அடிக்கடி வைக்கும் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. இந்த வயதில் இதை அறுத்து எடுக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

எலிப்பொறி வைத்தே பழகிய நம் வீடுகளில் இந்தக் கேள்வி விநோதமாகப் படலாம். ஆனால் எலி வளர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் ஜாக் பிளாக் என்ற எலி பிடிப்பவர் இருந்தார். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். பிடித்தவற்றில் அபூர்வ நிறம் கொண்டவற்றைக் கொல்லாமல் வைத்து, இனம் பெருக்கி, வளர்க்க விரும்பியவர்களுக்கு விற்றார். 1901இல் இங்கிலாந்தின் ஏல்ஸ்பரி நகரில் நடந்த சுண்டெலிக் கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. 1976இல் எலி வளர்ப்போருக்கென்றே பிரிட்டனில் ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் உள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. அந்தக் கடமையில் நாய்க்கு ஒரு நீதி, எலிக்கு ஒரு நீதி என்று அது பிரிக்கவில்லை.

இந்த வளர்ப்பு எலியும் ஆய்வகத்து வெள்ளை எலியும் ஒரே இனம்தான்: ராட்டஸ் நார்வேஜிகஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் விஸ்டர் நிறுவனம் எலிகளை ஆய்வுக்கென்றே சீராக வளர்க்கத் தொடங்கியது. 1920களில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்ப்ராக் டாலி என்ற வம்சம் உருவானது. அன்றிலிருந்து எத்தனையோ எலிகள் பிறந்து, மூத்து, நோயுற்று இறக்கும்வரை அன்றாடம் எடை பார்க்கப்பட்டு, இறந்தபின் உறுப்பு உறுப்பாகப் பரிசோதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பாலூட்டியின் உடல் எப்படி மூப்படைகிறது என்பதைப் பற்றி மனித இனம் சேர்த்துவைத்த அறிவில் பெரும்பங்கு எலி தந்தது. அந்த அறிவு மனிதருக்காகத் திரட்டப்பட்டது. ஆனால் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு முதிய எலிக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் அதே அறிவு உதவும். உதவவும் வேண்டும், அதைச் சேர்த்துக் கொடுத்தவை அதன் முன்னோர்தான்.

முதலில் அந்தக் கட்டி என்ன என்று பார்ப்போம். பெண் எலிக்கு ஆறு இணை முலைக்காம்புகள் உண்டு. ஆனால் பால்சுரப்பித் திசு காம்புகளைச் சுற்றி மட்டும் இல்லை. கழுத்தின் பக்கவாட்டிலிருந்து தோள், விலா வழியாகக் கவடு வரைக்கும் பரவிக் கிடக்கிறது. அதனால்தான் பால்சுரப்பிக் கட்டி சில சமயம் கழுத்திலோ முதுகை ஒட்டியோகூட எழுந்து, பார்ப்பவரைக் குழப்புகிறது. நல்ல செய்தி என்னவென்றால், பெண் எலிகளின் பால்சுரப்பிக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான வகை. நார்த்திசுவும் சுரப்பித் திசுவும் கலந்து வளரும் அது, நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவதில்லை.

சாதுவானது என்பதற்காக அதைத் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நிற்காமல் வளரும். சில வாரங்களில் எலுமிச்சை அளவை எட்டும். விட்டால் எலியின் எடையில் கணிசமான பங்கைக் கட்டியே பிடித்துக்கொள்ளும். அப்போது கால் தரையில் சரியாகப் பாவாது. இழுத்து இழுத்து நடப்பதால் தோல் உரசிப் புண்ணாகும். புண்ணில் கிருமி சேரும். எலி தின்னும் உணவின் சத்தைக் கட்டி பங்கு போட்டுக்கொள்வதால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். ஆகவே ‘வயதாகிவிட்டது, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவோம்’ என்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான். அதற்கும் விளைவு உண்டு, அந்த விளைவை எலிதான் தாங்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் இப்படிப்பட்டதல்ல. ஒரே இரவில் எழும்பி, தொட்டால் சூடாகவும் வலியோடும் இருப்பது பெரும்பாலும் சீழ்க்கட்டி. அதைக் கீறிச் சுத்தம் செய்தால் ஆறிவிடும். காதின் அடியில் கெட்டியாக ஊன்றி வளர்வது சிம்பல் சுரப்பியின் புற்றாக இருக்கலாம். அது பொல்லாதது, முழுதாக எடுப்பது அரிது. ஊசி குத்திச் சில செல்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்த்தாலே பல சமயம் சீழா, கொழுப்பா, புற்றா என்று தெரிந்துவிடும். அறுப்பதா என்ற கேள்விக்கு முன்னால் இந்தச் சிறு சோதனை வந்தாக வேண்டும்.

ஏன் இத்தனை பெண் எலிகளுக்கு இந்தக் கட்டி? விடை மூளையின் அடித்தளத்தில் இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சூலகத்தில் முட்டைகள் தீர்ந்துபோவதால். எலியின் கதை வேறு. ஏறக்குறைய ஒரு வயதைத் தாண்டும்போது அதன் இனப்பெருக்கச் சுழற்சி தடுமாறத் தொடங்குகிறது. ஆனால் சூலகத்தில் முட்டைகள் இன்னும் மிச்சம் இருக்கும். தளர்வது ஹைப்போதலாமஸ். அங்கே டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் வலுவிழக்க, பிட்யூட்டரி சுரப்பிக்கு இருந்த கடிவாளம் கழன்று, புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏறுகிறது. சூலகமோ ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து பால்சுரப்பித் திசுவை ஓயாமல் தூண்டுகின்றன. இதே தூண்டலில் பிட்யூட்டரியிலும் கட்டி எழுவது முதிய பெண் எலிகளில் சாதாரணம்.

1995இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஸ்ப்ராக் டாலி பெண் எலிகளில் ஒரு பகுதிக்குப் பிறந்த 90ஆம் நாளில் சூலகத்தை நீக்கிவிட்டார்கள். நீக்காத எலிகளில் 47 விழுக்காட்டுக்குப் பால்சுரப்பிக் கட்டி வந்தது. நீக்கியவற்றில் வெறும் 4 விழுக்காடு. பிட்யூட்டரிக் கட்டியிலும் இதே போன்ற பெரிய இடைவெளி. இளம் வயதில் ஒரு அறுவை செய்தால் முதுமையில் பல அறுவைகளைத் தவிர்க்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான். ஆனால் அந்த வாய்ப்பைத் தவறவிட்டு, இரண்டு வயது எலியோடு வந்து நிற்பவருக்கு இந்த எண் வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது. கட்டியை எடுத்தாலும் அது முளைத்த மண் அப்படியே இருக்கிறது. எடுத்த இடத்தில் திரும்ப வராமல் இருக்கலாம். வேறு காம்பருகே புதிதாக ஒன்று எழ வாய்ப்பு உண்டு.

இன்னொரு எச்சரிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது. அறுவைக்கு முன் பிட்யூட்டரியைக் கவனித்தாக வேண்டும். முன்னங்கைகளால் உணவைப் பிடிக்க முடியாமல் நழுவவிடுவது, கைகள் விறைத்து முன்னே நீள்வது, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பது, ஒரே பக்கமாகச் சுற்றுவது ஆகியவை மூளைக்குள் கட்டி அழுத்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்படி இருந்தால் அக்குள் கட்டியை எடுத்துப் பயனில்லை; எலியை வீழ்த்தப்போவது அந்தக் கட்டியல்ல. மனிதரின் புரோலாக்டின் கட்டிகளுக்குத் தரும் கேபர்கோலின் மாத்திரையைத் தந்து சில எலிகள் சில காலம் தேறியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. கத்தியைவிட அங்கே மாத்திரைக்கே வேலை.

இனி மயக்க மருந்துக்கு வருவோம். உரிமையாளர்கள் பயப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். பயத்துக்கு நியாயமும் உண்டு. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் டேவிட் பிராட்பெல்ட் குழுவினர் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். மயக்கம் கொடுத்தபின் 48 மணி நேரத்துக்குள் அதன் தொடர்பாக இறந்தவை நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39, எலிகளில் ஏறக்குறைய 2. ஐம்பதில் ஒன்று என்பது சின்ன எண்ணல்ல. ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு வரி உண்டு, முடிவெடுப்பவர் கண்ணில் படவேண்டியது அதுதான். ஆரோக்கியமான நாய்களில் இறப்பு 0.05 விழுக்காடு, ஏற்கனவே நோயுற்றிருந்த நாய்களில் 1.33. விலங்கு ஒன்றேதான், ஆபத்தோ இருபது மடங்குக்கு மேல் மாறுகிறது. பிறந்து எத்தனை மாதம் என்பதைவிட, படுக்கவைக்கும் அன்று உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரிது. மேலும் அந்த எண்கள் இருபது ஆண்டுகளுக்கு முந்தியவை. அதன்பின் சிறு பிராணிகளுக்கான கருவிகளும் பயிற்சியும் முன்னேறியிருக்கின்றன.

சின்ன உடலுக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? ஒரு காரணம் சூடு. உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடும். சூடு வேகமாக வெளியேறும். எலியின் மயிரற்ற வால் உடற்சூட்டை வெளியேற்றும் உறுப்பாகவே வேலை செய்கிறது. மயக்க மருந்து உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். அதோடு மயிரை மழித்து, கிருமிநாசினியால் நனைத்தும்விட்டால், சில நிமிடங்களில் உடல் குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடலில் இதயம் தளரும், மருந்து கழிவது தாமதமாகும், எலி கண் விழிக்காது. அதனால் விவரம் தெரிந்த மருத்துவமனையில் மயக்கம் தொடங்குவதற்கு முன்பே சூடேற்றும் மெத்தை தயாராக இருக்கும்; வாலையும் பொதிந்து வைப்பார்கள்.

அடுத்தது இரத்தம். 300 கிராம் எடையுள்ள எலியின் உடலில் ஓடுவது ஏறக்குறைய 20 மில்லி லிட்டர் இரத்தம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 மில்லி, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டிய நிலை. வேர்க்கடலை அளவுக் கட்டிக்கு ஓரிரு மெல்லிய இரத்தக்குழாய்கள்தான் போகும். எலுமிச்சை அளவுக் கட்டியோ தடித்த குழாய்களைத் தனக்கென வளர்த்துவைத்திருக்கும். ஒரே எலி, ஒரே கட்டி; ஆறு வாரம் தள்ளிப்போட்டால் அறுவை வேறொன்றாகிவிடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்ற முடிவுதான் எல்லாவற்றிலும் மோசமானது என்று சொல்லத் தோன்றுகிறது. காத்திருந்துவிட்டு, எலி மெலிந்து கட்டி பெருத்தபின் அறுவைக்குக் கொண்டுவருவது, இரண்டு வழிகளின் தீமையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது.

மூன்றாவது, நுரையீரல். மைகோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற நுண்ணுயிரி பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் மூச்சுக்குழாயில் குடியிருக்கிறது. இளமையில் தும்மலோடு போகும். முதுமையில் நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கும். காதருகே எலியைப் பிடித்தால் கரகரவென்று ஒலி கேட்கிறதா, மூச்சுக்கு விலா ஏறி இறங்குகிறதா என்பதை மருத்துவர் முதலில் கேட்பது இதனால்தான். சளி இருந்தால் டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளால் முதலில் அதை அடக்கிவிட்டு, பிறகு அறுவையைப் பற்றிப் பேசலாம். அடங்கவே இல்லை என்றால் அதுவே பதில்.

இந்த ஆபத்துகளுக்கு நடுவே எலிக்குச் சாதகமான சில விஷயங்களும் உண்டு. ஐசோஃப்ளுரேன் என்ற வாயு மூச்சின் வழியே போய் மூச்சின் வழியே வெளியேறிவிடும். கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ அதிக வேலை வைப்பதில்லை. குழாயை நிறுத்திய சில நிமிடங்களில் எலி தலை தூக்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பே அப்படி. எனவே மனிதர்களைப்போல் இரவு முழுதும் பட்டினி போடத் தேவையில்லை; போடவும் கூடாது, இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். வாந்தி எடுக்க முடியாத எலி குமட்டல் வந்தால் மண்ணைத் தின்னும். மருந்து ஆய்வகங்களில் எலிக்குக் குமட்டுகிறதா என்பதை, அது தின்ற களிமண்ணின் அளவை வைத்தே கணிக்கிறார்கள். வலிக்காகத் தரும் புப்ரெனார்ஃபின் மருந்தும் சில எலிகளைப் படுக்கைத் தூளைத் தின்னத் தூண்டும். அறுவை முடிந்த எலியை மரத்தூளில் விடாமல் துணி விரித்துப் படுக்கவைக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வலியை எப்படி அறிவது? எலி மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். நோவை வெளியே காட்டினால் உயிர் போகும் என்ற நிலையில் உருவான இனம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் ஆய்வுக்குழு 2011இல் எலிகளுக்கான முகச்சுளிப்பு அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. கண்கள் இடுங்குவது, மூக்கும் கன்னமும் தட்டையாவது, காதுகள் சுருண்டு கோணம் மாறுவது, மீசை மயிர்கள் விறைப்பது ஆகிய நான்கையும் வைத்து வலிக்கு மதிப்பெண் போடலாம். வளர்ப்பவர் வீட்டிலேயே பழகிக்கொள்ளக்கூடியது இது. இன்னொன்று, கண்ணோரத்திலும் மூக்கிலும் இரத்தம்போல் சிவப்பாகக் கசிவது. அது இரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் போர்ஃபிரின் நிறமி. ஆனால் உடலோ மனமோ நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கு நம்பகமான அடையாளம்.

மனம் என்ற சொல்லை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். நரம்பியல் அறிஞர் ஜாக் பாங்க்செப், கூசிவிடும்போதும் விளையாடும்போதும் எலிகள் நம் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி எழுப்புவதைக் காட்டினார். அச்சத்திலும் துன்பத்திலும் அது 22 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், குழாய்க்குள் அடைபட்ட துணையை விடுவிக்க எலிகள் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டன. துணையோடு வாழும் இந்தப் பிராணியை அறுவைக்குப்பின் வாரக்கணக்கில் தனியே அடைப்பது அதற்கே ஒரு துன்பம். தையலைத் தோலுக்கு அடியில் மறைத்துப் போட்டு மேலே திசுப் பசையால் ஒட்டினால், எலி தன் பல்லால் தையலைப் பிரிப்பது குறையும். துணையோடும் சீக்கிரம் சேர்க்கலாம்.

கடைசியில் காலக் கணக்கு. வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு. வளர்ந்த எலியின் ஒரு மாதத்தை மனித வாழ்வின் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒப்பிடுவது ஆய்வாளர்களின் தோராயமான வழக்கம். உறுப்புக்கு உறுப்பு மூப்பின் வேகம் மாறுவதால் இதை இழுத்துப் பொருத்தக் கூடாது. ஆனாலும் கண்ணைத் திறக்கும் கணக்கு. அறுவையால் நான்கு மாதம் கிடைத்தால் அது ஒரு முதியவருக்குப் பத்தாண்டு கிடைத்ததுபோல. அதே அளவில், காயம் ஆறும் பத்து நாளும் அதற்கு நீண்ட காலம். ஆகவே எவ்வளவு நாள் கிடைக்கும் என்பதோடு நிறுத்தாமல், அந்த நாள்களில் அது ஏறுமா, தின்னுமா, துணையோடு சுருளுமா என்றும் கேட்க வேண்டும். நகரும் சிறு கட்டி, சளியற்ற மூச்சு, நிலையான எடை, கையால் உணவைப் பிடித்துத் தின்னும் தெம்பு ஆகியவை இருந்தால், இரண்டேகால் வயது எலிக்கும் அறுவையைத் துணிந்து செய்யலாம். மூச்சுத் திணறும், மெலிந்துபோன, பின்னங்கால் இழுக்கும் எலிக்கு வயது ஒன்றரையே ஆனாலும் வேண்டாம். அதற்கு மெலாக்சிகாம் போன்ற வலிமருந்தும், மெத்தென்ற உணவும், ஏற வேண்டாத தாழ்ந்த கூண்டும் போதும். தின்பதை நிறுத்தும் நாளில் மருத்துவர் கையால் வலியில்லாத முடிவு தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. எலியை வாங்கிய விலையைப்போல் பல மடங்கு அறுவைக்கு ஆகும் என்பதும் உண்மைதான். முடியாதவர்கள் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. வலிமருந்தை மட்டும் மறுக்கக் கூடாது.

எலி வளர்ப்பவர்கள் இரண்டு காரியங்களை இன்றே தொடங்கலாம். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எலியின் எடையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அதே நேரத்தில் கழுத்திலிருந்து கவடு வரை விரலால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் வேர்க்கடலை அளவில் இருக்கும்போதே மருத்துவரிடம் போங்கள். எலிகளுக்கு மயக்கம் கொடுத்து அவருக்குப் பழக்கம் உண்டா, உடற்சூட்டை எப்படிக் காப்பார், வலிக்கு என்ன தருவார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால், பழக்கமுள்ள இன்னொருவரைத் தேடிப் போங்கள்.